வண்டி நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்: சென்னையில் வாடகை வீடும் பார்க்கிங்கும் தேடுவோருக்கான முழுமையான வழிகாட்டி

சென்னைக்குக் குடிபெயர்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டை மேலிருந்து கீழாகப் பார்க்கிறார்கள். மாடிக்கு ஏறி, ஹால் எவ்வளவு பெரியது, சமையலறையில் அலமாரி இருக்கிறதா, பால்கனியில் காற்று வருகிறதா என்றெல்லாம் பார்த்து மனம் நிறைந்து, அட்வான்ஸும் பேசி முடித்துப் படியிறங்கும்போதுதான் "கார் எங்கே விடுவது?" என்று கேட்கிறார்கள். திருச்சியிலிருந்து வந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு பிடித்தது. "பார்க்கிங் எல்லாம் இருக்கு சார்" என்ற உரிமையாளரின் வாய்ச்சொல் போதுமென்று நம்பினேன். குடியேறிய பன்னிரண்டாம் நாள், வெளிநாட்டிலிருந்து திரும்பிய முதல் மாடிக்காரர் தன் இடத்தில் என் கார் நிற்கிறது என்றார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதிவேட்டைப் பிரித்துக் காட்டிய பிறகே, எங்கள் உரிமையாளருக்கு அந்தக் கட்டடத்தில் கார் நிறுத்த இடமே ஒதுக்கப்படவில்லை என்பது தெரிந்தது. அந்த ஒப்பந்தம் முடியும்வரை கார் தெருவில்தான் நின்றது.

அதன் பிறகு மூன்று முறை வீடு மாறியிருக்கிறேன். உறவினர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்குமாகப் பல வீடுகள் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். இவற்றிலிருந்து எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: சென்னையில் ஒரு வீட்டின் உண்மை அதன் தரைத்தளத்தில் இருக்கிறது. சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, மோட்டார், மின் மீட்டர், வெள்ளம் வந்து போன தடம், சங்கத்தின் அறிவிப்புப் பலகை, வண்டி நிற்கும் இடம் ஆகிய அனைத்தும் அங்கேதான் உள்ளன. ஆகவே கீழிருந்து மேலே போகும் வரிசையிலேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

படி 1: கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்

மாத வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் முதல் மாதத்திலேயே கடன் வாங்க நேரிடும். மாதம் 20,000 ரூபாய் வாடகை உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் 6 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டால் 1,20,000 ரூபாய். முதல் மாத வாடகை 20,000. புரோக்கர் மூலம் வந்திருந்தால் அவருக்கு ஒரு மாத வாடகை, அதாவது இன்னொரு 20,000. ஆக 1,60,000 ரூபாய் போன பிறகுதான் சாவி கைக்கு வரும். சாமான் ஏற்றி வரும் வண்டிக்கூலி, அப்பார்ட்மென்ட் என்றால் மாதாந்திர மெயின்டெனன்ஸ், கேஸ் இணைப்பு மாற்றம், இன்டர்நெட் ஆகியவை இதற்கு மேல்.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையின் நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத நிலையில், 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. "வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத" என்ற அந்தச் சொற்கள் முக்கியமானவை: நீங்கள் 6 மாதத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டால் அது செல்லும். எனவே பேரம் பேசும்போது 3 மாதத்தில் தொடங்குங்கள். சட்டத்தில் உள்ள அளவு இதுதான் என்று மரியாதையோடு சொன்னால், பத்து மாதம் கேட்டவரும் ஐந்தாறு மாதத்துக்கு இறங்கி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் இன்னொரு வரியைச் சேர்க்க வேண்டும். பார்க்கிங் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் ஒரே தெருவில் வாடகை வேறுபடும். சில உரிமையாளர்கள் கார் இடத்துக்கென்று மாதந்தோறும் தனித்தொகை கேட்பார்கள். தி.நகர், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் வாழப் போகிறவர்கள், கார் உண்மையிலேயே அன்றாடம் தேவையா என்பதை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது நல்லது. மாதம் இருமுறை மட்டுமே எடுக்கப் போகிற காரைச் சொந்த ஊரில் பெற்றோர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து நிம்மதியாக இருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

படி 2: வேலையிடத்திலிருந்து பின்னோக்கிப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது பயனற்றது. எந்தச் சாலையில், எந்த நேரத்தில் என்பதுதான் கணக்கு. அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்தால் பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் என்று அந்தச் சாலையை ஒட்டியே தேடுங்கள். அல்லது வேளச்சேரி, தரமணி பக்கம் பாருங்கள். கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்கு வரும் பறக்கும் ரயில் தடத்தை ஒட்டிய மயிலாப்பூர், மந்தைவெளி, திருவான்மியூர் ஆகிய இடங்களும் இதற்கு உதவும். கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் வேலை என்றால் மெட்ரோ ரயிலின் இரு தடங்களும் ஆலந்தூரில் சந்திப்பதால், அசோக் நகர், வடபழனி, நங்கநல்லூர், மீனம்பாக்கம் வரை உங்கள் தேடல் விரியலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை என்றால் நகரத்தின் நடுவே வீடெடுத்துத் தினமும் இரு திசையிலும் நெரிசலில் வாடுவதைவிட, பூந்தமல்லி, போரூர், தாம்பரம் என்று மேற்கிலும் தெற்கிலும் பார்ப்பது அறிவுடைமை. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு முகப்பேர், கொரட்டூர், வில்லிவாக்கம் ஆகியவை அருகில் உள்ளன.

தென்மாவட்டங்களுக்கு அடிக்கடி போய்வருபவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பிறகு, தெற்கே போகும் பேருந்துகளுக்கான இடம் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறிவிட்டது. கோயம்பேட்டை நம்பி அண்ணாநகரில் வீடெடுத்தவர்கள் இப்போது நகரத்தைக் குறுக்காகக் கடந்து போகிறார்கள். மாதம் இருமுறை மதுரைக்கோ நெல்லைக்கோ போகிற குடும்பத்துக்குக் குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் வாடகையும் குறைவு, பயணமும் எளிது.

மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகள் மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று பல திசைகளில் மூன்று தடங்களாக நடக்கின்றன. "ஸ்டேஷன் வரப்போகுது" என்பதற்காக இன்றே அதிக வாடகை கொடுக்காதீர்கள். தூண் வேலை நடக்கும் சாலையில் இப்போது எத்தனை வழித்தடம் திறந்திருக்கிறது என்பதை ஒரு வேலைநாள் காலை 9 மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

படி 3: வந்ததும் தங்க ஓர் இடைக்கால ஏற்பாடு

ஊரிலிருந்தபடியே படங்களைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். "டோக்கன் அட்வான்ஸ் 5,000 போட்டால் வீட்டைப் பிடித்து வைக்கிறோம்" என்று சொல்லிப் பணம் வாங்கியபின் தொலைபேசியை அணைத்துவிடுகிற ஏமாற்று இன்றும் நடக்கிறது. வீட்டை நேரில் பார்க்காமல், உரிமையாளரைச் சந்திக்காமல், ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

தனி ஆண்களுக்குத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் எனப்படும் அறை விடுதிகளும், பல பகுதிகளில் உள்ள பிஜி விடுதிகளும் ஒரு மாதம் தாக்குப்பிடிக்கப் போதும். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி ஆகிய இடங்களில் உள்ளன. தனியார் மகளிர் விடுதியில் சேர்வதாக இருந்தால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற வேண்டிய உரிமம் அவர்களிடம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். குடும்பத்தோடு வருபவர்கள், முதலில் ஒருவர் மட்டும் வந்து இரண்டு மூன்று வாரம் தங்கி, வீடு பிடித்த பிறகு மற்றவர்களை அழைத்துக்கொள்வதே செலவையும் அலைச்சலையும் குறைக்கும்.

படி 4: தேடும் காலமும் தேடும் முறையும்

தமிழ்க் குடும்பங்கள் ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆனியில் காலியான வீடு ஆடி முழுவதும் பூட்டிக் கிடந்தால் உரிமையாளருக்கு ஒரு மாத வாடகை நட்டம். உங்களுக்கு அந்த வழக்கத்தில் பிடிப்பு இல்லையென்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரையும், டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரையும் தேடுங்கள். பேரம் உங்கள் பக்கம் சாயும். பிடிப்பு உள்ளவர்களும் ஆடியில் பேசி முடித்து ஆவணி முதல் நாளில் குடியேறலாம். மார்கழித் தேடலில் இன்னொரு நன்மையும் உண்டு: வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த தடம் சுவரிலும் தெருவிலும் இன்னும் காயாமல் இருக்கும். பள்ளி திறக்கும் ஜூனுக்கு முந்தைய இரண்டு மாதங்களில்தான் போட்டி மிக அதிகம்.

இணையத்தில் தேடுவதோடு நிறுத்தாமல், தேர்ந்தெடுத்த பகுதியில் ஒரு ஞாயிறு காலை நடந்து செல்லுங்கள். சென்னையின் நல்ல வீடுகளில் கணிசமானவை இன்றும் கேட்டில் தொங்கும் டு-லெட் பலகையோடு முடிந்துவிடுகின்றன. இஸ்திரி போடுபவர், மளிகைக்கடைக்காரர், அப்பார்ட்மென்ட் காவலாளி ஆகிய மூவரிடமும் சொல்லி வைத்தால், எந்த வீடு அடுத்த மாதம் காலியாகும் என்ற செய்தி பலகை ஏறும் முன்பே உங்களுக்கு வரும்.

"சைவம் மட்டும்", "பேச்சிலர் கூடாது" என்ற நிபந்தனைகளும், அவற்றுக்குப் பின்னால் சாதியையும் மதத்தையும் விசாரிக்கும் கேள்விகளும் இந்த நகரத்தில் இன்னும் உள்ளன. படித்தவர்கள் நிறைந்த ஊரில் இது தொடர்வது வேதனைக்குரியது. இதனால் மனம் நோக வேண்டாம் என்றால், நேரில் போகும் முன் தொலைபேசியிலேயே உங்கள் குடும்பத்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துக் குடியேறினால் பிறகு தினமும் பயந்து வாழ நேரிடும்.

படி 5: வீட்டைப் பார்க்கும்போது தரைத்தளத்தில் அரை மணி நேரம்

உரிமையாளர் சாவியோடு வருவதற்கு அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். முதலில் சுற்றுச்சுவரையும் தூண்களின் அடிப்பகுதியையும் பாருங்கள். முழங்கால் உயரத்திலோ இடுப்பளவிலோ ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு தெரிந்தால் அது வெள்ளம் நின்ற அளவு. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் மீட்டர் பலகையின் பின்புறமும் மோட்டார் அறையின் உட்சுவரும் உண்மையைச் சொல்லும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் ஆகிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் சுற்றுவட்டாரம் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றது. இந்தப் பகுதிகளில் வீடே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கெல்லாம் அடுத்தடுத்த தெருக்களுக்கிடையே மிகுந்த வேறுபாடு உண்டு. "மிக்ஜாம் அப்போ இந்தத் தெருவில் எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?" என்று எதிர்வீட்டுக்காரரிடமோ இஸ்திரிக்காரரிடமோ கேளுங்கள். உரிமையாளரிடம் கேட்பதைவிட அவர்களிடம் கிடைக்கும் விடை நம்பகமானது.

அடுத்து தண்ணீர். மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரிய இணைப்பு இருக்கிறதா, எந்த நாளில் எத்தனை மணிக்கு வருகிறது, போர் (ஆழ்துளைக் கிணறு) எத்தனை அடி ஆழம், கோடையில் லாரி வாங்குகிறார்களா, அந்தச் செலவு மெயின்டெனன்ஸில் அடங்குமா, தனியாக வசூலிப்பார்களா என்ற ஐந்தையும் கேளுங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. வாடகையில் மிச்சப்படுத்திய 2,000 ரூபாய் ஏப்ரல், மே மாதங்களில் லாரித் தண்ணீராகப் போய்விடக்கூடும். போர்த் தண்ணீரின் தன்மையை அறிய ஆய்வகம் தேவையில்லை. மாடிக்குப் போனதும் குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்புபோல் உப்பு இறுகிப் படிந்திருந்தால், அந்த வீட்டில் கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் பழுதாகும், சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும். குடிக்க, சமைக்க கேன் தண்ணீர்தான் என்றால் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அதை யார் தூக்கி வருவார், கூலி எவ்வளவு என்பதும் கணக்கில் வர வேண்டும்.

மின் மீட்டரை வரிசையில் அடையாளம் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இல்லாமல் உரிமையாளர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வசூலித்தால், அந்த இலவசம் உங்களுக்குக் கிடைக்காது. இரண்டு மூன்று போர்ஷன்கள் ஒரே இணைப்பில் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டும்போது கட்டண விகிதமும் ஏறிவிடும். அறைக்கு அறை ஏசி வைத்திருப்பவர்கள் தனி மீட்டர் இல்லாத வீட்டைத் தவிர்ப்பதே நல்லது. இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டால், நிலுவை இருக்கிறதா என்பதை மின்வாரிய இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

படி 6: பார்க்கிங்கை அளந்து பாருங்கள்

ஸ்டில்ட் தளத்தில், அதாவது கட்டடத்துக்குக் கீழே தூண்களுக்கிடையே வண்டி நிறுத்த விட்ட திறந்த தளத்தில், "இதுதான் சார் உங்க இடம்" என்று காட்டப்படும்போது ஐந்து கேள்விகள் உள்ளன. அந்த இடத்துக்கு எண் உண்டா? அந்த எண் உரிமையாளரின் பத்திரத்திலோ ஒதுக்கீட்டுக் கடிதத்திலோ இருக்கிறதா? சங்கத்தின் பதிவேடும் அதையே சொல்கிறதா? உங்கள் வண்டி அதில் நுழைந்து வெளிவருமா? மழைக்காலத்தில் அது நனையுமா? கட்டுநர் ஸ்டில்ட் இடங்களைத் தனித்தனியே விற்க முடியாது, அவை பொதுப்பகுதி என்று 2010இல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே "காசு கொடுத்து வாங்கினேன்" என்று உரிமையாளர் சொன்னாலும், நடைமுறையில் அந்த இடத்தை யார் பயன்படுத்துவது என்பதைச் சங்கத்தின் ஒதுக்கீடே முடிவு செய்கிறது. சங்கச் செயலாளரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டால் எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

அளவுநாடா கொண்டு போங்கள். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கட்டட விதிகளில் உள்ள அளவு. பழைய கட்டடங்களில் இது இருக்காது. இருந்தாலும் தூண் அந்த அளவைத் தின்றுவிடும். கே.கே. நகரில் என் மைத்துனருக்காகப் பார்த்த ஒரு வீட்டில், கார் தாராளமாக உள்ளே போனது. ஆனால் ஓட்டுநர் கதவுக்கு நேராக ஒரு தூண். கதவு ஒரு சாண் மட்டுமே திறந்தது. பின்னோக்கி விட்டால் தூண் பின்கதவுக்கு நேராக வந்து, முன்கதவு முழுதாகத் திறந்தது. ஆனால் அப்படிப் பின்னோக்கி விட, எதிரே நிற்கும் இரண்டு பைக்குகளை ஒவ்வொரு முறையும் நகர்த்த வேண்டியிருந்தது. வீட்டைப் பார்க்கப் போகும்போதே காரைக் கொண்டுபோய் உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தால்தான் இதெல்லாம் தெரியும். உங்கள் கார் இன்னும் ஊரில் இருந்தால், அதே அளவுள்ள காரை நண்பரிடம் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

சில கட்டடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார்கள் நிற்கும். அது இரண்டும் ஒரே வீட்டுக் கார்கள் என்றால் சிரமமில்லை. இரு வீட்டுக் கார்கள் என்றால் காலை 7 மணிக்குக் கிளம்புகிறவர் 10 மணிக்கு எழுகிறவரின் கதவைத் தினமும் தட்ட வேண்டும். முன்னால் நிற்பவர் யார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், சாவியைக் காவலாளியிடம் கொடுத்து வைக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். இயந்திரத்தில் ஏற்றி அடுக்கும் பார்க்கிங் என்றால் உங்கள் வண்டியின் உயரத்தையும் எடையையும் அந்த இயந்திரம் தாங்குமா, மின்சாரம் போனால் எப்படி இறக்குவார்கள் என்று கேளுங்கள். மின்சார வண்டி வைத்திருப்பவர்கள், உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை வயர் இழுத்துச் சார்ஜ் போடச் சங்கம் அனுமதிக்கிறதா என்பதை எழுத்திலேயே வாங்குங்கள்.

இரு சக்கர வண்டிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் சண்டைகளில் பாதி அவற்றால்தான். வீட்டில் கணவன், மனைவி, கல்லூரி செல்லும் பிள்ளை என்று மூன்று வண்டி இருந்தால் மூன்றுக்கும் இடம் உண்டா என்று எண்ணிக்கை சொல்லியே கேளுங்கள். "டூவீலர் எங்க வேணா விட்டுக்கலாம்" என்பது குடியேறிய மறுவாரம் மாறிவிடும் வாக்கு.

தரைத்தளத்துக்குக் கீழே இறங்கும் பார்க்கிங் என்றால் சரிவுப் பாதையின் தொடக்கத்தில் மேடு கட்டியிருக்கிறார்களா, நீரை வெளியேற்றும் மோட்டார் வேலை செய்கிறதா என்று பாருங்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த அன்று, வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முந்தைய மழைகளில் இழந்ததன் நினைவே அவர்களை அங்கே அனுப்பியது. தாழ்வான பகுதியில் குடியேறுகிறவர்கள், காரை எங்கே கொண்டுபோவது என்பதை மழை வருவதற்கு முன்பே முடிவு செய்து வையுங்கள். காப்பீட்டில் இன்ஜினுக்குள் நீர் புகுந்த பழுதுக்கான கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. அப்படிச் செய்தால்தான் இன்ஜின் முற்றிலும் கெடுகிறது.

படி 7: பார்க்கிங் இல்லாத வீடு பிடித்துவிட்டால்

வாடகை, தண்ணீர், பள்ளி எல்லாம் பொருந்தி, கார் இடம் மட்டும் இல்லாத வீடும் அமையலாம். அப்போது முதலில் அதே தெருவில், கார் இல்லாத வீடுகளின் காலி இடத்தைக் கேளுங்கள்; முதியவர்கள் மட்டும் வாழும் தனி வீடுகளில் போர்டிகோ பெரும்பாலும் சும்மா கிடக்கும், மாத வாடகைக்குக் கொடுப்பார்கள். காவலாளி வைத்து வண்டி நிறுத்த விடும் காலி மனைகளும் பல பகுதிகளில் உண்டு. மெட்ரோ நிலையங்களின் பார்க்கிங்கில் மாதச் சீட்டு கிடைக்கும், ஆனால் அது பகல்நேரப் பயணிகளுக்கானது. காரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் இடமாக அதை எண்ண வேண்டாம்.

தெருவில்தான் விட வேண்டும் என்றால், வீட்டு வாசலுக்கு முன்னுள்ள சாலை அந்த வீட்டுக்காரருக்குச் சொந்தமல்ல, மாநகராட்சியின் பொதுச்சாலை என்பது சட்டம். பூந்தொட்டியும் கருங்கல்லும் வைத்து இடம் பிடிப்பது அண்டைவீட்டுப் பழக்கம். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், முதல் நாளே எதிர்வீட்டாரிடம் போய் அறிமுகம் செய்துகொண்டு, "உங்க கேட்டை மறைக்காம விட்டுக்கிறேன் அண்ணா, எடுக்கணும்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, எண்ணை எழுதிக் கண்ணாடியிலும் வைத்துவிட்டால் கீறலும் காற்றிறக்கலும் நேராது. மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டி வசிப்பவர்கள், பங்குனிப் பெருவிழாவின்போது தேரும் அறுபத்துமூவரும் வரும் நாட்களில் வண்டியை முன்கூட்டியே அப்புறப்படுத்த வேண்டும்.

படி 8: "லீஸ்" என்ற பெயரில் வரும் ஆபத்து

மாத வாடகையே வேண்டாம், சில லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் போதும், காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்பும் என்ற ஏற்பாட்டைச் சென்னையில் லீஸ் என்பார்கள். ஊர்ப்பக்கம் ஒத்தி, போக்கியம் என்று நாம் அறிந்ததுதான். நேர்மையான உரிமையாளரிடம் இது நல்ல ஏற்பாடு. ஆனால் நடுவில் ஒருவர் நுழைந்து, உங்களிடம் லட்சங்களை வாங்கிக்கொண்டு, உரிமையாளருக்கு மாத வாடகை மட்டும் செலுத்தி, சில மாதங்களில் அதையும் நிறுத்திவிட்டு மறைந்துபோவதால், பணமும் வீடும் இழந்த குடும்பங்கள் பல. லீஸுக்குப் போவதென்றால் பத்திரத்தில் பெயருள்ள உரிமையாளரோடு நேரடியாக மட்டுமே எழுதுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். வீட்டின் மீது வங்கிக் கடன் இருந்து தவணை நின்றிருந்தால் வங்கி வீட்டைக் கையகப்படுத்தும் அபாயம் உங்கள் தலையில் விழும் என்பதை மறவாதீர்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுத்து, ஆவணத்தைப் பதிவும் செய்யுங்கள்.

படி 9: ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்

பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் கணினி மையத்தில் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்த மாதிரியில் பெயரை மாற்றி எடுத்தவை. 11 மாதம், வாடகை, அட்வான்ஸ் ஆகிய மூன்றைத் தவிர அவற்றில் உங்களுக்கு உதவும் வரி எதுவும் இருக்காது. கையெழுத்திடும் முன் உங்கள் வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதலாவது பார்க்கிங்: "ஸ்டில்ட் தளத்தில் இந்த எண்ணுள்ள கார் நிறுத்துமிடமும், இத்தனை இரு சக்கர வண்டிகளுக்கான இடமும் இவ்வாடகையில் அடங்கும்" என்று எண்ணோடு எழுதப்பட வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம், உரிமையாளர் தடுத்து நிறுத்தக் கூடாத அத்தியாவசிய வசதிகளில் தண்ணீர், மின்சாரத்தோடு பார்க்கிங்கையும் சேர்த்திருக்கிறது. ஒப்பந்தத்தில் எண் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பை நீங்கள் கேட்டுப் பெற முடியும்.

அடுத்து பெயின்டிங். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்கென்று பிடித்துக்கொள்வது இங்கே எழுதப்படாத வழக்கமாகிவிட்டது. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய்களையும் மின் வயரிங்கையும் மாற்றுவது ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு என்றும், குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கீசர் பழுது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு என்றும் அதே சட்டத்தின் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. இதைக் காட்டிப் பேசி, பிடித்தம் இல்லை என்றோ, இத்தனை ரூபாய்க்கு மேல் இல்லை என்றோ எழுதி வாங்குங்கள். ஆண்டுதோறும் வாடகை எத்தனை விழுக்காடு ஏறும், மெயின்டெனன்ஸ் யார் கட்டுவது, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு என்பனவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அரசின் இணையதளம் வழியே விண்ணப்பித்தால் பதிவு எண் தருவார்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே வாடகை அதிகாரி. தகராறு முற்றினால் வாடகை நீதிமன்றமும் அதற்கு மேல் தீர்ப்பாயமும் உள்ளன. பதிவு என்றதும் பல உரிமையாளர்கள் தயங்குவார்கள். அவர்களுக்கும் இதனால் பாதுகாப்பு உண்டு என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இதற்காகவே ஒரு நல்ல வீட்டை நான் இழந்ததும் உண்டு, வருந்தவில்லை. வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு கோருபவர்கள், ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண் தேவைப்படும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

படி 10: குடியேறும் நாளில்

சாமான் இறங்கும் முன், காலி வீட்டில் ஒவ்வோர் அறையையும் சுவர் விரிசல், கறை, உடைந்த கண்ணாடி, குழாய், மின்விசிறி என்று கைபேசியில் வீடியோ எடுத்து, அன்றே உரிமையாளருக்கு அனுப்புங்கள். மின் மீட்டர் அளவையும் உங்கள் கார் நிற்கும் இடத்தையும் எண்ணோடு சேர்த்துப் படம் எடுங்கள். லாரி வரும் நேரத்தைக் காவலாளியிடம் முந்திய நாளே சொல்லி வையுங்கள்; குறுகிய தெருவில் காலை எட்டு மணிக்கு லாரி நின்றால் பள்ளி வேன் போக முடியாது.

குடியேறிய பிறகு வண்டியின் ஆவணங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறி வந்தவர்கள் ஆர்சி புத்தகத்தில் முகவரி மாற்றத்துக்கு 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், பதிவெண் மாறாது. வேறு மாநிலப் பதிவெண்ணோடு வருபவர்கள், வண்டி 12 மாதங்களுக்கு மேல் இங்கே இருக்கப் போகிறது என்றால், பழைய ஆர்டிஓ அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி செலுத்தித் தமிழ்நாட்டுப் பதிவெண் பெற வேண்டும். அந்தச் சான்றைக் கிளம்பும் முன்பே வாங்கிவிட்டால், பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ இதற்காகவே ஒரு முறை திரும்பிப் போக வேண்டியிருக்காது.

உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு வாடகைதாரர் விவரம் கொடுக்க உரிமையாளர் படிவம் நீட்டினால் நிரப்பிக் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாடகையை ஒவ்வொரு மாதமும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். அட்வான்ஸ் கொடுத்ததற்கான ரசீது, ஒப்பந்தம், அந்த வீடியோ ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் சேமித்து வையுங்கள். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அந்த நாளில் உங்களிடம் கேட்கப்படுவது இந்த மூன்றும்தான்.